தூக்கத்தைத் திருப்பித் தந்த களிமண்

நான் நோய்தணிப்புப் பிரிவில், அதாவது கடும் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் வார்டில், செவிலியர். வீட்டுக்கு வந்தாலும் தூக்கம் வராது. வார்டு மணி காதிலேயே ஒலிக்கும். லீவு எடுத்துப் பார்த்தேன், திரும்பிய அன்றே பழையபடி. வட்டக் கோலங்களுக்கு வண்ணம் தீட்டும் மண்டலா புத்தகமும் உதவவில்லை. கோட்டுக்குள் நிரப்புவது கேஸ் ஷீட் எழுதுவது மாதிரியே இருந்தது.

2016இல் வெளியான அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், மார்க்கர், கொலாஜ் (படத்துண்டுகளை ஒட்டிச் செய்வது) என விரும்பியதைச் செய்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் குறைந்தது. முன்பழக்கம் தேவைப்படவில்லை. அதைப் படித்ததும் குயவரிடம் மண் வாங்கினோம். ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன் நாலைந்து பேர் சேர்ந்து பிசைவோம்.

முக்கியமான விஷயம், வெறுங்கை. நாள் முழுக்கக் கையுறைக்குள் கிடந்த விரல்கள் ஈரமண்ணைத் தொட வேண்டும். மண் கையோடு போனையும் எடுக்க முடியாது. அன்று இறந்தவரைப் பற்றிப் பேச்சு தானாக வரும். செய்த உருவத்தை வைத்துக்கொள்வதில்லை, மறுபடி உருண்டையாக உருட்டிவிடுவோம். இப்போது தூங்குகிறேன், அப்பாடா. ஈரத்துணி சுற்றி டப்பாவில் மூடினால் மண் காயாது.