ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசை: வியூ உருவாக்கும்போது சிக்கலைத் தீர்ப்பது எப்படி?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டிக்குக் கணக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் இரண்டு டேபிள் (அட்டவணை). 'விவசாயி' டேபிளில் எண், பெயர், ஊர். 'சரக்கு' டேபிளில் எண், விவசாயி_எண், பெயர், மூட்டை, தேதி. ஒன்றில் பெயர் என்றால் இலவம்பாடிக்காரர். மற்றதில் முள்ளுக் கத்தரிக்காய்.

இரண்டையும் ஜாயின் செய்து (இணைத்து), 'எல்லா நெடுவரிசையும்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டு, தரவை எடுக்கும் செலக்ட் கட்டளையை ஓட்டுங்கள், ஓடும். அதையே வியூ (பெயரிட்டுச் சேமித்த செலக்ட்) ஆக்கினால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும் மறுக்கும். வியூவும் டேபிள் மாதிரிதான், ஒரு பெயருக்கு ஒரு நெடுவரிசை. மைஎஸ்க்யூஎல்லில் இது 1060ஆம் எண் பிழை. முதலில் 'எண்' இடிக்கும். அதைச் சரிசெய்தால் 'பெயர்' இடிக்கும். ஆகவே நட்சத்திரத்தை விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் எழுதி, இடிக்கும் பெயர்களுக்கு 'ஆஸ்' போட்டுப் புதுப் பெயர் கொடுங்கள். கீழே வி, ச என்பவை இரண்டு டேபிள்களின் சுருக்கப் பெயர்கள். (கட்டளைச் சொற்களைத் தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

கிரியேட் வியூ மண்டி_வரவு ஆஸ்
செலக்ட் வி.எண் ஆஸ் விவசாயி_எண்,
வி.பெயர் ஆஸ் விவசாயி_பெயர், வி.ஊர்,
ச.எண் ஆஸ் சரக்கு_எண்,
ச.பெயர் ஆஸ் காய்_பெயர், ச.மூட்டை, ச.தேதி
ஃப்ரம் விவசாயி வி
ஜாயின் சரக்கு ச ஆன் ச.விவசாயி_எண் = வி.எண்;

இதில் ச.விவசாயி_எண் வேண்டுமென்றே விடப்பட்டது. சேர்த்தால் நாம் வைத்த புதுப் பெயரோடு அதுவே மோதும்.

வியூ பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பெயர்களை வரிசையாகக் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் பொருத்தம் வரிசைப்படிதான். பின்னால் யாராவது செலக்டில் இரண்டை இடம் மாற்றினால், காய் பெயர் விவசாயி பெயராகிவிடும். பிழைச் செய்தியே வராது. ஆஸ்தான் நம்பகமானது.

நேச்சுரல் ஜாயின் பக்கம் போகவே வேண்டாம். ஒரே பெயருள்ள நெடுவரிசைகளைத் தானே ஒப்பிட்டு இணைக்கும் ஜாயின் அது; இங்கே எண், பெயர் இரண்டையும் ஒப்பிடும். விவசாயி பெயரும் காய் பெயரும் எங்கே ஒத்துப்போகும்? வியூ காலியாக நிற்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் வியூவின் நெடுவரிசைப் பெயரைப் பிறகு மாற்ற, வியூவைத் திருத்தி எழுதும் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் உதவாது. 13ஆம் பதிப்பு முதல் ஆல்டர் வியூ கட்டளையில், நெடுவரிசைப் பெயரை மாற்றும் 'ரீநேம் காலம்' (rename column) இருக்கிறது.

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க: போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் கணக்கு. ஆக 21 குறி. 'நேதாஜி_மார்க்கெட்_விவசாயி_பெயர்', 'நேதாஜி_மார்க்கெட்_விவசாயி_ஊர்' என்று வைத்தால் இரண்டும் 'விவசாயி' முடியும் முன்பே வெட்டுப்பட்டு ஒரே பெயராகி, பழைய பிழையே திரும்ப வரும்.