போர்டு வாங்காமலே ஒரு குட்டி கெர்னல்

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, கேபிள் எதுவும் வேண்டாம். பைத்தான் ஓடும் கணினி இருந்தால் போதும். ஃப்ரீஆர்டாஸ் போன்ற சின்ன கெர்னல் (எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் மென்பொருள்) உள்ளே என்னதான் செய்கிறது என்று ஓட்டிப் பார்த்துவிடலாம்.

1. ஒவ்வொரு டாஸ்க்கையும் (தனித்தனி வேலையை) ஒரு ஜெனரேட்டராக, அதாவது நடுவில் நின்று பிறகு அதே இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷனாக எழுதுங்கள். ஒரு டிக் (கெர்னலின் நேர அலகு) வேலை முடிந்தால் ஒரு யீல்டு (நின்று வழிவிடும் கட்டளை). நின்ற இடத்தையும் மாறிகளையும் பைத்தானே பத்திரமாக வைத்திருக்கும். நிஜத்தில் இதுதான் பெரும்பாடு: கார்டெக்ஸ்-எம்3 சிப்பில் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகை) வந்ததும் 8 ரெஜிஸ்டர்களை (சிப்பின் உள் சேமிப்பிடங்களை) வன்பொருளே ஸ்டாக்கில் (நினைவகத்தின் ஒரு பகுதியில்) போட்டுவிடும்; இன்னும் 8 ரெஜிஸ்டர்களை கெர்னல் அசெம்பிளியில் சேமிக்க வேண்டும்.

2. டாஸ்க்குக்கு ஒரு டிக்‌ஷனரி: பெயர், முன்னுரிமை எண், நிலை, எழ வேண்டிய டிக்.

3. அடுத்து ஷெட்யூலர், அதாவது யார் ஓடுவது என்று தேர்ந்தெடுக்கும் பகுதி. வெறும் ஒரு லூப்தான், ஒரு சுற்று ஒரு டிக். நேரம் வந்தவற்றை எழுப்புங்கள், தயாராக இருப்பவற்றில் பெரிய எண்ணை எடுங்கள், நெக்ஸ்ட் (அடுத்த யீல்டு வரை ஓட்டுவது) ஒரு தடவை, ஓடியதன் பெயரை அச்சிடுங்கள். எல்லாமே தூங்கிவிட்டால் பட்டியல் காலியாகி பைத்தான் பிழை காட்டும். முன்னுரிமை 0-வில் சும்மா சுற்றும் ஓர் ஐடில் டாஸ்க் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது!

4. சரி, இப்போது ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒரே டாஸ்க் மட்டும் வைத்திருக்கக்கூடிய பூட்டு) சேர்ப்போம். மூன்று டாஸ்க்குகள்: கீழ் (1), நடு (2), மேல் (3). டிக் 0-வில் கீழ் லாக்கை எடுக்கிறது. அதற்கு 4 டிக் வேலை. டிக் 2-இல் மேல் எழுந்து லாக் கேட்டு மாட்டிக்கொள்கிறது. டிக் 3-இல் நடு எழுகிறது. அதற்கு லாக்கே தேவையில்லை, 10 டிக் ஓடும். கீழ் மிச்ச வேலையை 13, 14-இல்தான் முடிக்கிறது. மேலுக்கு 15-இல்தான் விடிகிறது. நடு யாரென்றே மேலுக்குத் தெரியாது, ஆனாலும் அதற்காகக் காத்துக் கிடக்கிறது.

1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அடிக்கடி ரீசெட் ஆனதும் இந்தச் சிக்கலால்தான். அதன் இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸில் அணைந்திருந்த முன்னுரிமை இரவல் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்டார்கள். நமக்கு இரண்டு வரி: மேல் மாட்டியதும் கீழுக்கு 3 என்ற எண்ணைக் கொடுங்கள், லாக்கை விட்டதும் திரும்ப 1. மறுபடி ஓட்டினால் மேல் டிக் 5-இலேயே ஓடும்.

கடைசியாக, ஏதாவது ஒரு டாஸ்க்கில் யீல்டு இல்லாத முடிவிலா லூப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மொத்தமும் உறைந்துவிடும். நிஜ கெர்னலில் டைமர் இன்டரப்ட் வந்து பிடுங்கிக்கொள்ளும். நம்முடையது டாஸ்க் தானாக விட்டுக்கொடுத்தால்தான் நகரும்.