200 மீட்டர் ஆறு, 3 மணி நேரம்: ஃபிளை தூண்டில் போட்டிக்குத் திட்டம் போடுவது எப்படி?

கோலாலம்பூரில் தூண்டில் என்றாலே காசு கட்டிப் பிடிக்கும் குளம்தான் பலருக்கு ஞாபகம் வரும். நாங்கள் நாலைந்து பேர் மட்டும் ஞாயிறு விடியற்காலையில் செந்தூலில் பசியாறிவிட்டு, கோலகுபு பாரு பக்கம் ஆற்றுக்குப் போய்விடுவோம். இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த போலிப் பூச்சிதான் ஃபிளை. அதை வைத்து, உலகப் போட்டியின் விதிப்படி எங்களுக்குள் மோதிப் பார்ப்போம். அங்கே டிரவுட், இங்கே செபாராவ், தெங்காஸ். மீன் வேறு, கணக்கு ஒன்றுதான்.

முதலில் கணக்கு

உலகப் போட்டியில் ஒரு சுற்று 3 மணி நேரம். குலுக்கலில் விழும் ஆற்றுத் துண்டுதான் உங்கள் ‘பீட்’. அளவு தேறிய ஒவ்வொரு மீனுக்கும் 100 புள்ளி, அதோடு ஒரு சென்டிமீட்டருக்கு 20 புள்ளி. 45 சென்டிமீட்டர் மீன் ஒன்று 1000 புள்ளி. 22 சென்டிமீட்டர் மீன் இரண்டு 1080. பெரிய மீன் ஆசையை இங்கேயே கழற்றி வையுங்கள்.

சுற்றுக்குச் சுற்று நீங்கள் எத்தனையாவது இடம் என்பதைத்தான் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவருக்கு வெற்றி. ஒரே ஒரு சுற்றில் வெறுங்கையோடு வந்தால் மற்ற நாலு சுற்றில் பட்ட பாடும் வீண். அதனால் முதல் மீன் சின்னதாக இருந்தாலும் சீக்கிரம் வரவேண்டும்.

சாமான் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முள்ளில் மீன் நழுவாமல் பிடிக்கும் பின்கூர், அதாவது எதிர்முள், இருக்கக் கூடாது, இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஒரு தங்கூசியில் அதிகம் போனால் மூன்று ஃபிளை. மிதவைக்கு அனுமதி இல்லை.

நடந்து பாருங்கள், தண்ணீரில் இறங்காமல்

பயிற்சிக்கு நாங்கள் 200 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் துணி கட்டிவிடுவோம். தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டு, கரையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். நிழல் தண்ணீரில் விழுந்தால் மீனுக்குத் தகவல் போய்விடும்.

எதைப் பார்ப்பது? நண்பரின் அப்பா தோட்டத்தில் வளர்ந்தவர், மூங்கில் கம்பில் மீன் பிடித்தவர். ஒரு நாள் கூட வந்தவர் சொன்னார்: “தம்பி, தண்ணியப் பாக்காத. தண்ணி எங்க திரும்புதுன்னு பாரு.” நான் படித்த விளக்கங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிக்கொள்ளும் இடத்தில் நுரை ஒரு கோடாகப் போகும். மீன் மெதுவான பக்கம் நின்று, வேகமான பக்கம் அடித்துவரும் தீனியை எட்டிப் பிடிக்கும். பாறைக்குப் பின்னால் மட்டுமில்லை, பாறைக்கு முன்னாலும் தண்ணீர் தணியும் ஒரு மெத்தை உண்டு. புதியவர்கள் அதை விட்டுவிடுவார்கள். சலசலவென்று முழங்கால் ஆழத்தில் ஓடும் இடத்தையும் ‘இதில் என்ன இருக்கும்’ என்று தாண்டிப் போவார்கள். எனக்குப் பாதி மீன் அங்கேதான் கிடைக்கிறது.

தாளில் வரையுங்கள்

ஒரு கோடு ஆறு. நிச்சயம் மீன் நிற்கும் இடத்துக்கு வட்டம், சந்தேகத்துக்குச் சின்னக் கோடு, வெறும் மணல் திட்டுக்குப் பெருக்கல் குறி. எங்கே கால் வைக்கலாம், எங்கே ஆற்றைக் கடக்கலாம் என்பதையும் குறியுங்கள். மீனை வலையோடு தூக்கிப்போய் அளப்பவரிடம் காட்டவேண்டும். அந்த நடையும் உங்கள் நேரத்தில்தான் கழியும்.

180 நிமிடத்தைப் பிரியுங்கள்

என் பிரிப்பு இது: முதல் 80 நிமிடம் கீழ்முனையிலிருந்து மேலே. மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்பதால் நீங்கள் அதன் முதுகுக்குப் பின்னால் வருகிறீர்கள். கால் கிளப்பும் கலங்கலும் பின்னாலேயே போய்விடும். வட்டம் போட்ட இடங்களில் மட்டும் வீசுங்கள். பத்துப் பதினைந்து வீச்சில் அசைவில்லை என்றால் நகருங்கள். மீன் கிடைத்த இடத்தையும் உழுதுகொண்டே இருக்காதீர்கள், ஆறவிடுங்கள்.

அடுத்த 60 நிமிடம் ஃபிளையை மாற்றிக்கொண்டு அதே இடங்களுக்கு. குஞ்சு மீன் மாதிரி நீளமான ஃபிளை என்றால் மேலிருந்து கீழே வாருங்கள். துரத்தி அடிக்கிற செபாராவுக்கு அது பிடிக்கும்.

கடைசி 40 நிமிடம் ஆழமான மடுவுக்கு. ஏன் கடைசியில்? ஒருமுறை நான் மடுவிலேயே தொடங்கினேன். உள்ளே கெலா என்ற பெரிய மீன் ஒன்று புரண்டதைப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். நிமிர்ந்தபோது 1 மணி 40 நிமிடம் போயிருந்தது. அன்றைக்கு என்னை ஜெயித்த பையன் சலசலப்பில் ஐந்து குட்டி தெங்காஸ் பிடித்திருந்தான். அவன் அம்மா கட்டிக்கொடுத்த நாசி லெமாக்கில் பாதியை எனக்குக் கொடுத்தான். அது இன்னும் வலித்தது.

திட்டத்தைக் கிழித்துப் போடும் நேரம்

நம் ஊர் ஆற்றில் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை. மலையில் மழை என்றால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வரலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று தேநீர் நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மீன் முள்ளில் இருந்தாலும் தங்கூசியை வெட்டிவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். அதனால்தான் தாளில் நான் முதலில் வரைவது வட்டத்தை அல்ல, கரையேறும் வழியை.