எக்ஸ்போர்ட் ஆர்டர டைமுக்கு ஏத்தோணுமா? நெட்வொர்க் போட்டு பிளான் பண்ற விதம்

திருப்பூர்ல எந்த பனியன் கம்பெனிக்குள்ள போனாலும் ஆர்டர பாத்துக்கற மெர்ச்சண்டைசர் டேபிள்ல டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) ஷீட்டு ஒன்னு கிடக்கும், எந்த வேலை எந்த தேதிக்கு முடியோணும்னு வரிசையா எக்செல்ல அடிச்சு வெச்சிருப்பாங்க. ஆனா எது ஒரு நாள் தள்ளுனா ஷிப்மென்ட்டும் ஒரு நாள் தள்ளும், எது பத்து நாள் தள்ளுனாலும் ஒன்னும் ஆகாதுங்கறது அந்த ஷீட்டுல தெரியாதுங்க. அதனால யாரு போன்ல சத்தமா கத்தறாங்களோ அவங்க வேலைக்குப் பின்னாடியே மொத்த ஆபீஸும் ஓடும்.

இதுக்கு வழி ரொம்ப நாள் முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. 1957ல டூபாண்ட் கெமிக்கல் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேந்து சிபிஎம் (கிரிட்டிக்கல் பாத் மெத்தட்) கொண்டு வந்தாங்க, அடுத்த வருசமே அமெரிக்க நேவி போலாரிஸ் ஏவுகணை வேலைக்கு பெர்ட்டுன்னு இதே மாதிரி ஒரு திட்டக் கணக்கு போட்டாங்க. ரெண்டுக்கும் அடிப்படை ஒன்னுதான், தேதிய விட்டுட்டு எந்த வேலைக்கு எது முடிஞ்சிருக்கோணும்ங்கறத மொதல்ல எழுதறது. அத கட்டமும் அம்புமா வரைஞ்சா அதுதான் நெட்வொர்க்.

பேச்சுக்கு 20,000 டி-ஷர்ட், ஒரே கலர், நெஞ்சுல பிரிண்ட்டு, துணி ஏறக்குறைய 4 டன்னு வெச்சுக்கங்க. ஒரு பெரிய சார்ட் பேப்பர் எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம் போட்டு நாள எழுதுங்க. நூல் வாங்க 5, நிட்டிங் 6, லேப் டிப் (கலர் பாக்க சாயம் போட்ட சின்ன துணித்துண்டு) அனுப்பி பையர் ஓகே வாங்க 8, டையிங்கும் துணி பின்னாடி சுருங்காம இருக்க பண்ற காம்பாக்டிங்கும் சேத்து 9, ஆர்ட்ஒர்க் 3, அதுக்கப்புறம் ஸ்ட்ரைக் ஆஃப் (துணில அடிச்சுக் காட்டற பிரிண்ட் மாதிரி) ஓகே ஆக 7, பிபி சாம்பிள் (மொத்தமா வெட்டறதுக்கு முன்னாடி பையர் ஓகேக்கு தைக்கற மாதிரி பீஸ்) 6, கட்டிங் 4, பிரிண்டிங் 5, தையல் 10, செக்கிங் அயனிங் பேக்கிங் 5, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சு வண்டி தூத்துக்குடிக்கு கிளம்ப 2. லேபிள் வர 15, அட்டைப்பெட்டி பாலிபேக் வர 20.

இப்ப அம்புக்குறி போடுங்க, முக்கியமான வேலையே இதுதான், இத மெர்ச்சண்டைசர் மட்டும் தனியா உக்காந்து போடக்கூடாது, கட்டிங் மாஸ்டரும் லைன் சூப்பர்வைசரும் பக்கத்துல நிக்கோணும். டையிங்குக்கு நிட்டிங் முடிஞ்ச துணியும் வேணும், லேப் டிப் ஓகேயும் வேணும், ரெண்டு அம்பு. பிபி சாம்பிளுக்கு சாயம் போட்ட துணியும் ஸ்ட்ரைக் ஆஃபும். அது ஓகே ஆனாத்தான் கட்டிங், அப்புறம் பிரிண்டிங். தையலுக்கு பிரிண்ட் ஆன பீஸும் லேபிளும். பெட்டி பேக்கிங்குக்குத்தான் வேணும், அதுக்கு முன்னாடி வந்தா குடோன்ல இடத்த அடைச்சுக்கிட்டு கிடக்கும் அவ்வளவுதான்.

அடுத்து இடமிருந்து வலமா கூட்டிட்டே போங்க, ரெண்டு அம்பு வந்து சேர்ற இடத்துல பெரிய நம்பர எடுத்துக்கோணும். நூல் 5, நிட்டிங் முடிய 11, லேப் டிப் 8தான், அப்ப டையிங் ஆரம்பிக்கறது 11ல, முடியறது 20. பிபி 26, கட்டிங் 30, பிரிண்டிங் 35, தையல் 45, பேக்கிங் 50, வண்டி கிளம்ப 52. இந்த 52ல இருந்து பின்னாடி கழிச்சுட்டே வந்தீங்கன்னா ஒவ்வொரு வேலையும் கடைசியா எப்ப முடிஞ்சா போதும்னு கிடைக்கும். லேப் டிப் 11க்குள்ள வந்தா போதும், அப்ப அதுக்கு 3 நாள் இழுவை இருக்கு, இதத்தான் ஃப்ளோட்டுங்கறாங்க. லேபிளுக்கு 20 நாள், பெட்டிக்கு 25 நாள். நூல்ல இருந்து வண்டி வரைக்கும் போற அந்த ஒரு சங்கிலிக்கு மட்டும் ஃப்ளோட்டு சைபர், அதுதான் கிரிட்டிக்கல் பாத், சிவப்புல வரைஞ்சுடுங்க.

ஃப்ளோட்டுல ஒரு பொறி இருக்குங்க. ஆர்ட்ஒர்க்குக்கும் 10 நாள் காட்டும், ஸ்ட்ரைக் ஆஃபுக்கும் 10 நாள் காட்டும், ஆனா அது ரெண்டு பேருக்கும் பொதுவான 10 நாள்தான், டிசைனர் அதுல 8 நாள தின்னுட்டாருன்னா பிரிண்டிங்காரருக்கு மிச்சம் 2தான். இத யாரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க.

சிவப்புக் கோடு அப்படியே நிக்கும்னும் நினைக்காதீங்க. பையர் லேப் டிப்ப ரிஜெக்ட் பண்ணி மறுபடி ஒரு 8 நாள் ஆச்சுன்னா 16, டையிங் 16லதான் ஆரம்பிக்கும், மொத்தம் 57. இப்ப நிட்டிங்காரர விரட்டி பிரயோஜனமே இல்ல, அவருக்கு 5 நாள் ஃப்ளோட்டு வந்துருச்சு, விரட்ட வேண்டியது லேப் டிப்ப. வாரம் ஒருக்கா சனிக்கிழமை சம்பளம் போடறப்பவே நெட்வொர்க்கையும் திருப்பி கூட்டுனீங்கன்னா இது கண்ணுல படும்.

டையிங்குக்கு ஒரே நம்பர் எழுதறது எனக்கு ஒத்து வராது. போன் பண்ணா "நாளைக்கு லாட் வந்துருங்க"ம்பாங்க, அந்த நாளைக்கு எந்த நாளைக்குன்னு அவங்களுக்கே தெரியாது, ஷேடு மாறுனா ரீடையிங். 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறை மொத்தமா மூடுனத பாத்த ஊருங்க இது. இங்கதான் பெர்ட் கணக்கு. எல்லாம் நல்லா போனா 7, வழக்கமா 9, சொதப்புனா 17னு மூணு நம்பர் வாங்குங்க. வழக்கத்த நாலால பெருக்கி, மத்த ரெண்டையும் கூட்டி, ஆறால வகுத்தா 7+36+17, அதாவது 60ல ஆறுல ஒரு பங்கு, 10. ஷீட்டுல 9க்கு பதிலா 10 போடுங்க, மொத்தம் 53.

சரி, பையர் 45 நாள்தான் தருவேன்னா? உடனே ஓவர்டைம் போடாதீங்க, மொதல்ல காசு செலவில்லாத வழி. கட்டிங் முழுசா முடிஞ்சுதான் பிரிண்டிங்குன்னு இல்லையே, கட்டிங் ஆரம்பிச்ச மறுநாள் மொத பண்டல் பிரிண்டிங்குக்கு போகட்டும், பிரிண்டிங் ஆரம்பிச்சு 2 நாள்ல லைன் ஏறட்டும். தையல் 30ல ஆரம்பிச்சு 40ல முடியும், 6 நாள் லாபம். ஆனா லைன் வேகமா ஓடி பிரிண்டிங் பீஸ் வராம நின்னா டெய்லருங்க சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க, பீஸ் ரேட்டுக்காரங்க மதியமே பக்கத்து கம்பெனிக்கு போயிருவாங்க, அதனால எந்த நாளும் ஒரு நாள் பீஸ் கையிருப்புல இருக்கோணும்.

அதுக்கப்புறமும் பத்தலைன்னா காசு போடுங்க, ஆனா சிவப்புக் கோட்டுல மட்டும், மலிவானதுல இருந்து. நிட்டிங்க இன்னொரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு பிரிச்சுக் குடுத்து ஒரு நாள் குறைக்க 4,000 ரூபா கூட ஆகும், நைட் ஷிஃப்ட் தையல் 12,000னா நிட்டிங்தான் மொதல்ல. நூல் நிட்டிங் ரெண்டையும் சேத்து 3 நாளுக்கு மேல குறைச்சா வீண், லேப் டிப் 8 நாள் அங்க உக்காந்திருக்கு. லேபிள ஏர் கூரியர்ல வரவழைக்கறதெல்லாம் சும்மா காச விடறது.

இந்த நாளெல்லாம் வேலை நாள். ஞாயிறையும் சேத்தா 53 நாள்ங்கறது காலண்டர்ல ஏறக்குறைய 61 நாள் ஆகும், நடுவுல தீபாவளியோ பொங்கலோ விழுந்தா லீவு நாள மட்டும் கூட்டாதீங்க, ஊருக்கு போன ஆளுங்க திரும்பி லைன் நிறையற நாளையும் சேத்துப் போடுங்க.