அரசின் பாதுகாப்பு டெண்டர்: சிறு நிறுவனங்கள் எங்கே தவறுகின்றன

காவல் பணிக்கான டெண்டரை யாராவது என்னிடம் கொண்டுவந்தால் முதலில் ஆள் கணக்கைத்தான் பார்ப்பேன். மற்ற பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். இந்தக் கணக்கு தப்பினால், ஒப்பந்தம் கிடைத்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கும்.

ஒரு வாசலில் இரவும் பகலும் ஒரு காவலர் இருக்க வேண்டும். மூன்று ஷிஃப்ட், அதனால் மூன்று பேர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை பார்த்தால் 3.5 பேர் வேண்டும். சட்டப்படி 40 மணி நேரம்தான் என்றால் 4.2 பேர். இதில் விடுப்பு, காய்ச்சல், பயிற்சி நாள், சொல்லாமல் வேலையை விட்டுப் போகிறவர் என எல்லாவற்றையும் சேர்த்தால் நான்கிலிருந்து ஐந்து பேர் ஆகிவிடும். பத்து வாசல் உள்ள வளாகத்துக்கு 30 பேர் போதும் என்று விலை போட்டவர், கடைசியில் 40 பேருக்கு மேல் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

காவலரின் வயிற்றிலிருந்துதான் வரும். இந்தத் தொழிலில் செலவின் பெரும்பகுதி கூலி. அதனால் 'எல்லாரையும்விடக் குறைவாகப் போட்டால் கிடைத்துவிடும்' என்று இறங்குகிறவர்கள், ஓவர்டைம் காசையோ பி.எஃப். போலச் சட்டப்படி கட்ட வேண்டிய பங்குத்தொகையையோதான் விழுங்க வேண்டியிருக்கிறது. அப்புறம் ஆட்கள் நிற்க மாட்டார்கள். காலியான வாசலுக்கு அபராதம் விழும், வேலையைச் சரியாகச் செய்வோம் என்று முன்பே கட்டிய பிணைத்தொகை போகும், பெயரும் கெடும். அடுத்த டெண்டரில் முன்னனுபவச் சான்று கேட்கும்போது அந்தக் கெட்ட பெயர் கூடவே வரும். கொள்முதல் அதிகாரிகளுக்கும் இது தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறியாணைப்படி, வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலைக்கு அதிகாரிகள் விளக்கம் கேட்டாக வேண்டும். தொழிலாளர் சட்டத்தை மீறியதால்தான் விலை குறைந்தது என்று தெரிந்தால், நிராகரித்தே ஆக வேண்டும்.

இன்னொரு தவறு, தாங்க முடியாத அளவுக்குத் தோளில் ஏற்றிக்கொள்வது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜி4எஸ் நிறுவனம் 10,400 காவலர்களைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. போட்டி தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது அத்தனை பேரைத் திரட்ட முடியாது என்று தெரிந்தது. கூடுதலாக 3,500 ராணுவ வீரர்களை அழைக்க வேண்டியதாயிற்று. உலகின் மிகப் பெரிய காவல் நிறுவனங்களில் ஒன்று அது. அடி வாங்கியும் எழுந்து நின்றது. பத்திருபது பேரை வைத்து நடத்துகிறவர் அப்படி ஒரு அடியைத் தாங்க மாட்டார். முதல் ஒப்பந்தமாக ஒரே ஒரு கட்டடம் போதும். அதைச் சரியாகச் செய்து கையெழுத்துப் போட்ட சான்றை வாங்குங்கள். அடுத்ததற்கு அதுதான் படி.

பெரிய வேலைதான் வேண்டும் என்றால் கூட்டுச் சேரலாம், தவறில்லை. யார் எதைச் செய்வது, பணம் எப்படிப் பிரியும் என்பதை டெண்டர் போடும் முன்பே எழுத்தில் வையுங்கள். சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கிய ஒப்பந்தத்தைப் பெரிய நிறுவனத்தின் முகமூடியாக எடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். அமெரிக்காவில் அப்படி ஒதுக்கப்பட்ட சேவை ஒப்பந்தம் என்றால், சிறு நிறுவனம் என்ற அதே தகுதி இல்லாத துணை ஒப்பந்ததாரர்களுக்குப் பாதிப் பணத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி.

ஆவணத்தைக் கடைசி வாரத்தில் படிப்பது பற்றி நிறைய சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் செய்கிறார்கள். 'கட்டாயம்' என்று வரும் ஒவ்வொரு வரியையும் தனித்தாளில் எழுதி, அதற்கான பதில் உங்கள் விண்ணப்பத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எதிரே குறியுங்கள். காலாவதியான ஒரு உரிமம் போதும், உங்கள் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். புரியாததைக் கேள்வி கேட்க ஒதுக்கிய நாட்களுக்குள் எழுத்தில் கேளுங்கள். திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கடைசி நாள் வரை பாருங்கள். தெரிந்த அதிகாரியைத் தனியாகப் பார்த்து விவரம் கேட்கப் போகாதீர்கள். அந்த ஒரு சந்திப்பே உங்களைத் தகுதியிழக்கச் செய்யலாம்.

கேமரா, மென்பொருள், உதிரிபாகம் என்று வழங்குகிறவர்கள் மறப்பது தங்கள் சொந்த வீட்டுப் பூட்டை. 2016-இல் ஆஸ்திரேலியாவில் சுமார் 50 பேர் வேலை பார்த்த ஒரு விமானப் பொறியியல் நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். அரசின் பாதுகாப்புத் திட்டங்களில் துணை ஒப்பந்ததாரர் அது. ஓராண்டாக அடைக்கப்படாமல் கிடந்த ஒரு மென்பொருள் ஓட்டை வழியாக நுழைந்தார்கள். இணையத்துக்குத் திறந்திருந்த சேவைகளில் 'அட்மின்', 'கெஸ்ட்' என்று ஆரம்பத்தில் வந்த கடவுச்சொற்களே மாற்றப்படாமல் இருந்தன. கணினிகளைப் பார்த்துக்கொள்ள இருந்தது ஒரே ஒருவர். எஃப்-35 போர் விமானம் தொடர்பானவை உட்படச் சுமார் 30 ஜிபி தரவு போனது.

இதனால்தான் டெண்டரோடு வரும் கணினிப் பாதுகாப்புக் கேள்வித்தாள்கள் இவ்வளவு நீளமாகின்றன. அமெரிக்க ராணுவ ஒப்பந்தங்களில் கட்டுப்படுத்தப்பட்ட தகவலை (ரகசிய முத்திரை இல்லாவிட்டாலும் காக்க வேண்டிய தகவல்) கையாள, அந்நாட்டுத் தரநிலை அமைப்பான என்.ஐ.எஸ்.டி. வெளியிட்ட 800-171 தரநிலையின் இரண்டாம் திருத்தத்தில் 110 நிபந்தனைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு, கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது மிக மோசமான தவறு. அரசுக்குப் பொய் எழுதிக் கொடுத்ததாக வழக்கு வரலாம். எது இருக்கிறது, எது இன்னும் இல்லை, எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள். ஒப்பந்த விதி அதற்கு இடம் தரவில்லையென்றால், இந்த முறை விட்டுவிடுங்கள்.

கைப்பணத்தையும் பார்க்க வேண்டும். காவலருக்குச் சம்பளம் மாதம் தவறாமல் போக வேண்டும். அரசின் பணம் பில் சரிபார்த்து வர நாளாகும். மூன்று மாதச் சம்பளத்தைத் தாங்கும் பணமோ வங்கிக் கடன் வரம்போ கையில் இல்லாமல் இறங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

கிடைக்கவில்லையா? பலர் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும் உரிமை பல நாடுகளில் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி எழுத்தில் கேட்டால் 15 நாட்களுக்குள் காரணம் சொல்ல வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் பேச்சுவார்த்தை முறைக் கொள்முதலில் (விலை உறையை மட்டும் பார்க்காமல், நிறுவனங்களோடு பேசவும் இடம் தரும் முறை), முடிவு வந்த மூன்று நாட்களுக்குள் எழுத்தில் கேட்டால்தான் அந்த விளக்கத்தை உரிமையாகப் பெற முடியும். ஆகவே கடிதம் வந்த அன்றே கேளுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை மதிப்பெண், எந்தப் பதில் அவர்களுக்குப் போதவில்லை என்று வருகிற விளக்கத்தை, அடுத்த டெண்டர் ஆவணத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.