பார்ட்டியோடு பின்வாங்குவது எப்படி: காற்று ஏறும் முன்பே போட வேண்டிய கணக்கு

பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்காது. போகலாமா வேண்டாமா என்று அந்த நேரத்தில் யாரும் விவாதிப்பதில்லை. எண் முன்பே முடிவானது. பாத்திரமேற்று ஆடும் ஆர்பிஜி வீடியோ கேம் சண்டையிலும் அப்படி ஓர் எண் கையில் இருக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட நம் அணிக்கு, அதாவது பார்ட்டிக்கு, நாங்கள் வைக்கும் அளவு இது: எதிரிகளில் பாதிப் பேர் சாயும் முன் நம்மில் ஒருவர் விழுந்தால் கிளம்ப வேண்டியதுதான். இரண்டாவது ஆளும் விழட்டும், பார்க்கலாம் என்று நின்றால், விழுந்தவர்களை எழுப்பவே மற்ற இருவருக்கும் அந்த முறைக்கு (டர்னுக்கு) உள்ள ஆக்‌ஷனும் தீர்ந்துவிடும். ஓட மிச்சம் இருக்காது.

ஓடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தின் கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான ஆட்கள் ஒரு டர்னில் நடப்பது 9 மீட்டர். குள்ள இனங்களான டிவார்ஃப், ஹாஃப்லிங் என்றால் 7.5 தான். வில் எட்டுவது 18 மீட்டர். நாம் 9 போனால் எதிரியும் 9 வருவான், வந்து அடிப்பான். நடையை இரட்டிப்பாக்கும் டேஷ் போட்டு 18 ஓடினாலும் அவன் 9 நடந்துவிட்டு அம்பு விடலாம். இது போதாதென்று, ஒட்டி நிற்பவனை விட்டு விலகினாலே அவனுக்கு ஓர் இலவச அடி.

அந்த இலவச அடியில்தான் தப்பும் வழியும் இருக்கிறது. அது ரியாக்‌ஷன், அதாவது அடுத்தவர் டர்னில் கிடைக்கும் பதிலடி, ஓர் எதிரிக்கு ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். ஆகவே முதலில் கவசம் கனமான டேங்க் அவன் கைக்கு எட்டாத தூரம் விலகி அந்த அடியை வாங்கிக்கொள்ளட்டும். அதே எதிரியிடமிருந்து மந்திரவாதி அதன்பின் சும்மா நடந்து போகலாம். இதற்கு டேங்கின் டர்ன் மந்திரவாதிக்கு முன்னால் வர வேண்டும், நடுவில் அந்த எதிரியின் டர்ன் வரக் கூடாது. வந்தால் ரியாக்‌ஷன் திரும்பக் கிடைத்துவிடும். ஒரே ஒருவன்தான் ஒட்டி நிற்கிறான் என்றால் ஷாக்கிங் கிராஸ்ப் மந்திரம் போதும். அது பட்டவனால் ரியாக்‌ஷன் எடுக்க முடியாது. கள்வன் வகை ஆளான ரோகுக்கு 2ஆம் லெவலிலிருந்து, இலவச அடி வாங்காமல் விலகும் டிஸ்எங்கேஜ் போனஸ் ஆக்‌ஷன்தான், முக்கிய ஆக்‌ஷன் மிச்சம் இருப்பதால் அதோடு டேஷும் போடலாம். எனவே அவரைக் கடைசி ஆளாக நிறுத்துங்கள். மெதுவாக நடப்பவர் முதலில் கிளம்ப வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மூடுபனி மந்திரமான ஃபாக் கிளவுடைத் தங்கள் தலைமேலேயே போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. வில்லாளிகள் நிற்கும் இடத்தில் போடுங்கள். கண் மறைந்தவனின் அம்பு 3 மீட்டருக்கு மேல் போகாது. மூட்டத்தை விட்டு வெளியே வரவே அவனுடைய நடையில் பாதி போய்விடும். சட்டென்று இடம் மாற்றும் மிஸ்டி ஸ்டெப் மந்திரம் 18 மீட்டர், அதுவும் போனஸ் ஆக்‌ஷன். அதற்கான ஒரு மந்திர ஸ்லாட்டைச் சண்டை எவ்வளவு சூடானாலும் தொடாதீர்கள்.

விழுந்தவரை என்ன செய்வது? விட்டுவிட்டு வாருங்கள். கடல் கொந்தளித்தால் வலையை அறுத்துவிட்டுத்தான் வள்ளத்தைக் கரைக்குத் திருப்புவார்கள். ஒருவர் உயிரோடு முகாம் சேர்ந்தால் போதும், அங்கே இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரம் ஆளுக்கு 200 பொன்னுக்கு எழுப்பித் தரும். மூவரையும் எழுப்ப 600. அந்தப் பொன் தப்பி வருபவரின் பையில் இருக்கட்டும், விழுந்து கிடப்பவரின் பையில் வேண்டாம்.

மற்ற ஆட்டங்களில் வழி வேறு. டிவினிட்டி ஒரிஜினல் சின் 2இல் சண்டைக்கு முன்பே ஒரு டெலிபோர்ட் பிரமிடைத் தூரத்தில் வைத்துவிட்டு, அதனிடம் நொடியில் தாவ இன்னொன்றைக் கையில் வைத்திருங்கள். டார்க்கெஸ்ட் டஞ்சனில் பின்வாங்கும் முயற்சியே தோற்கலாம், ஸ்ட்ரெஸும் ஏறும். அங்கே நம் அளவை இன்னும் ஒரு படி முன்னால் வைக்க வேண்டும். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் நம்மைப் பிடித்து நிற்கும் ஒவ்வோர் எதிரியும் நாம் விலகும்போது ஓர் அடி அடிப்பான், அதனால் எல்லோரையும் ஒரே நேரத்தில் திருப்பி ஓட விடாதீர்கள்.

பழைய சேவை லோடு போட்டால் முடிந்தது, இதெல்லாம் எதற்கு என்பவர்கள் பால்டர்ஸ் கேட் 3இன் ஹானர் மோடைத் தொட்டுப் பார்க்கலாம். அங்கே சேவ் ஒன்றுதான், பார்ட்டி முழுக்க அழிந்தால் அந்த ஹானர் ஆட்டம் அதோடு சரி. பாம்பனில் புயல் கூண்டு ஏறிய நாளில் அதை ஆடுவதானால் யுபிஎஸ் சார்ஜையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.