குற்றச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய மொழித் தவறுகள்

நாளிதழில் பிழை தேடுவோர் பெரும்பாலும் ஒற்று மிகுந்திருக்கிறதா, ‘முந்நூறு’ என்பது ‘முன்னூறு’ என்று அச்சாகியிருக்கிறதா என்றே பார்க்கின்றனர். அவையும் பிழைகள்தாம், ஆனால் குற்றச் செய்தியில் ஒரு வேற்றுமை உருபு விடுபட்டால் அடிபட்டவரே அடித்தவராகிவிடுவார் என்பதால், திருத்துபவரின் கண் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும்.

‘காவலர் தாக்கிய இளைஞர் மருத்துவமனையில் அனுமதி’ என்றொரு தலைப்பு வருவதாகக் கொள்வோம். நேர்பொருளில் தாக்கியவர் காவலர். எனினும், இடத்தை மிச்சப்படுத்த ‘ஐ’ உருபை வெட்டுவது தலைப்புகளில் வழக்கமாகிவிட்டதால், காவலரைத் தாக்கிய இளைஞர் என்றும் வாசகர் புரிந்துகொள்ளக்கூடும். இந்த மயக்கத்தைத் தொல்காப்பியம் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயரிட்டே பேசுகிறது. உரைகள் காட்டும் ‘புலி கொன்ற யானை’யில் செத்தது எது என்று சூழலின்றிச் சொல்ல இயலாது. ‘காவலரைத் தாக்கிய’ அல்லது ‘காவலரால் தாக்கப்பட்ட’ என்று எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. செயப்பாட்டு வினையைக் கண்டாலே அடித்துவிடும் உதவி ஆசிரியர்கள் இங்கு மட்டுமாவது கையைக் கட்டிக்கொள்ளலாம்.

‘கொலையாளி கைது’ என்பது அடுத்த தவறு. கைது செய்வது காவல் துறை. கொன்றவர் அவர்தானா என்று தீர்ப்பது நீதிமன்றம். ஆகவே ‘கொலை வழக்கில் ஒருவர் கைது’ என்பதே சரி. இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது ‘விசாரணையில் தெரியவந்தது’ என்ற தொடர்: சொன்னவர் யார் என்பது அதில் மறைந்துவிடுவதால், போலீஸ் தரப்பின் கூற்று மெய்ப்பிக்கப்பட்ட உண்மையைப் போல நிற்கிறது. ‘போலீஸார் தெரிவித்தனர்’ என்று எழுதுவதால் செய்தியின் சுவை குறைந்துவிடாது. ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்போ இன்னும் ஒரு படி மேல். போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்று பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறியது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் தன் 23ஆம் பிரிவில் அந்த விதியைத் தொடர்கிறது. நீதிமன்றம் ஒதுக்கும் ஒன்றை நாளிதழ் கொட்டை எழுத்தில் தருவது என்ன முறையோ!

‘வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டது’ என்ற பன்மைப் பிழையும், ‘விசாரிக்கின்றனர்’ என்றாலே போதுமான இடத்தில் வரும் ‘விசாரணை மேற்கொண்டு வருகின்றனர்’ என்ற நீட்டலும் யாரையும் காயப்படுத்துவதில்லை. கண்டால் திருத்திவிட்டுப் போகலாம்.

பாலியல் வழக்குகளில் நிலைமை வேறு. ‘கற்பழிப்பு’ என்ற சொல் பாதிக்கப்பட்டவர் மீதே களங்கத்தை ஏற்றுவதால், ‘பாலியல் வன்கொடுமை’ என்றே எழுத வேண்டும். சிறுமியின் பெயரை மறைத்துவிட்டு, தெருவையும் பள்ளியையும் தந்தையின் தொழிலையும் அடுத்தடுத்து அடுக்குவதால் பயனில்லை. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23ஆம் பிரிவில் பெயருடன் முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் சேர்த்தே தடை செய்துள்ளது.